கம்பியும் காற்றும்: வீட்டுக் காற்றாலையின் வரலாறும் மும்பை மொட்டைமாடியும்

சில வாரங்களுக்கு முன், செம்பூரில் நான் குடியிருக்கும் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் ஒரு முன்மொழிவு வந்தது. மொட்டைமாடியில் இரண்டு சிறு காற்றாலைகளை நிறுவினால், மாடிப்படி விளக்குகளுக்கும் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கும் ஆகும் மின்கட்டணம் பெருமளவு குறையும் என்பது அதன் சாரம். வண்ணப் படங்களோடு கூடிய துண்டறிக்கை கைமாறிச் சென்றது. "காற்று இலவசம்" என்பது அதன் முதல் வரி.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது முதியவர் ஒருவர் என்னை நிறுத்தினார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவயதில் தாராவிக்கு வந்து, பின்னர் செம்பூரில் குடியேறியவர். "தம்பி, எங்க ஊர்ல காத்தாடி நிக்கது பொட்டக்காட்டுல. சுத்துவட்டாரத்துல ஒரு மரம் கெடையாது. இங்க நம்ம பில்டிங்குக்கு மேக்க எத்தன பில்டிங் நிக்கி, எண்ணிப் பாத்தியளா?" என்றார்.

பொறியாளர் ஒருவர் இக்கேள்விக்குச் சில நிமிடங்களில் விடை கூறிவிடக்கூடும். ஆயினும் இதனுள் ஒரு வரலாற்றுக் கேள்வியும் அடங்கியிருக்கிறது. வீட்டுக் காற்றாலை எத்தகைய இடங்களில், எவருடைய தேவைக்காகத் தோன்றியது? மின்கம்பி நூறாண்டுகளுக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கும் மும்பையில் அதற்கான இடம் யாது? இவ்விரண்டையும் ஒருசேர நோக்கினால், நகரத்தில் காற்று என்பது இயற்கையின் கொடை மட்டுமன்று, நகரத் திட்டமிடலால் பங்கிடப்பட்ட பொருளும் ஆகும் என்பது புலப்படும். அதை விளக்குவதே இப்பதிவின் நோக்கம்.

1. கம்பி எட்டாத வீடு

மின்சாரம் தரும் வீட்டுக் காற்றாலையின் தொடக்கத்தை 1887ஆம் ஆண்டில் வைப்பது வழக்கம். கிளாஸ்கோவில் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் பிளைத், ஸ்காட்லாந்தின் மேரிகர்க் என்னும் சிற்றூரில் தம் விடுமுறை இல்லத்துத் தோட்டத்தில் துணிப்பாய் கட்டிய காற்றாலை ஒன்றை நிறுவினார். அதன் மின்சாரத்தைச் சேமக்கலங்களில் தேக்கி வீட்டு விளக்குகளை எரித்தார். எஞ்சிய மின்சாரத்தால் ஊரின் தெருவுக்கு ஒளியூட்ட முன்வந்தபோது, ஊரார் அதனைப் பேயின் வேலை என்று கூறி மறுத்துவிட்டதாகச் சொல்லப்படுகிறது. இச்செய்தியை வேடிக்கையாகக் கடந்துவிடுவது எளிது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வீட்டுக் காற்றாலையின் முதல் அத்தியாயத்திலேயே அண்டைவீட்டார் இடம்பெற்றுவிட்டனர்.

1891இல் டென்மார்க்கின் அஸ்கோவ் என்னும் ஊரில், நாட்டுப்புற உயர்நிலைப் பள்ளி ஒன்றின் ஆசிரியரான பவுல் லா கூர் காற்றாலையால் மின்சாரம் எடுக்கும் சோதனைகளைத் தொடங்கினார். அவருடைய அக்கறை கிராமத்தைப் பற்றியது. நகரங்கள் மின்னொளி பெற்று முன்னேற, கிராமங்கள் இருளில் பின்தங்கிவிடும் என்ற கவலையே அவரை இயக்கியது. அதனால் கருவியை வடிவமைத்ததோடு நிற்காமல், அதைப் பராமரிக்கத் தெரிந்த கிராமப்புற மின்பணியாளர்களையும் அவர் பயிற்றுவித்தார்.

1920களிலும் 1930களிலும் அமெரிக்கச் சமவெளிகளின் பண்ணை வீடுகளில் வீட்டுக் காற்றாலை உண்மையான சந்தைப் பொருளாயிற்று. மொன்டானாவில் மார்செல்லஸ் ஜேக்கப்ஸும் அவர் சகோதரர் ஜோவும் உருவாக்கிய மூவிறகுக் காற்றாலை உறுதிக்குப் பெயர் பெற்றது. 'வின்சார்ஜர்' என்ற சிறு காற்றாலை, வானொலிப் பெட்டியின் பேட்டரிக்கு மின்னூட்டவே பெரிதும் வாங்கப்பட்டது. அடுத்த வீடு பல மைல் தொலைவில் இருந்த அச்சமவெளியில், வெளியுலகச் செய்தி வீட்டுக்குள் நுழைந்த வழிகளுள் காற்றாலையும் ஒன்று.

அக்கருவியோடு வாழ்வது ஓர் ஒழுங்கைக் கோரியது. ஈய அமிலப் பேட்டரிகளின் நீர்மட்டத்தைப் பார்த்து வடிநீர் ஊற்ற வேண்டும். புயல் வருமுன் சுழலியைக் காற்றின் திசையிலிருந்து விலக்கி நிறுத்த வேண்டும். தூணில் ஏறி உராய்வெண்ணெய் இட வேண்டும். காற்று ஓய்ந்த வாரத்தில் விளக்குகளைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பேட்டரியில் எஞ்சியிருக்கும் மின்னளவே குடும்பத்தின் மாலைப்பொழுதை நிர்ணயித்தது. வானிலையைக் கவனிப்பது வீட்டு வேலைகளுள் ஒன்றாயிற்று.

1935இல் ஊரக மின்மயமாக்க நிர்வாகம் அமைக்கப்பட்டு, 1936இல் அதற்கெனச் சட்டமும் இயற்றப்பட்ட பின், அரசுக் கடனோடு மின்கம்பிகள் பண்ணைகளை எட்டின. கம்பி வந்த இடங்களில் காற்றாலை கீழிறங்கியது. அடுத்த இருபது ஆண்டுகளில் அத்தொழில் ஏறத்தாழ மறைந்தது. கருவி பழுதுபட்டதால் நேர்ந்த மறைவு அன்று இது. தேவை இடம்பெயர்ந்ததால் நேர்ந்தது. வீட்டுக் காற்றாலை தொலைவின் பிள்ளை. தொலைவு குறைந்தபோது அதன் வாழ்வும் குறுகியது.

2. சோதனைக் களத்திலிருந்து பொட்டல்காட்டுக்கு

இந்தியாவில் காற்றின் ஆற்றலைக் கணக்கிடும் பணியை முன்னெடுத்தவர்களுள் வானிலை அறிவியலாளர்கள் முதன்மையானவர்கள். பாலக்காட்டில் பிறந்து, சி. வி. ராமனிடம் பயின்று, புனேயில் வேளாண் வானிலையியலுக்கு அடித்தளமிட்ட எல். ஏ. ராமதாஸ் அவர்களுள் ஒருவர். 1954இல் புதுதில்லியில் யுனெஸ்கோவும் இந்திய அரசும் காற்று, சூரிய ஆற்றல்கள் குறித்து நடத்திய கருத்தரங்கில், ராமதாஸும் கே. பி. ராமகிருஷ்ணனும் இந்தியாவின் காற்றாற்றல் பற்றிய கட்டுரையை அளித்தனர். 1961இல் ரோமில் ஐக்கிய நாடுகள் அவை கூட்டிய புதிய ஆற்றல் மூலங்கள் மாநாட்டில், எஸ். பி. வெங்கிடேசுவரன் குஜராத்தின் போர்பந்தரில் இயக்கப்பட்ட ஜெர்மானிய 'அல்கையர்' காற்றாலையின் அனுபவத்தை முன்வைத்தார். உல்ரிச் ஹியூட்டர் வடிவமைத்த அக்கருவியின் திறன் 6 முதல் 8 கிலோவாட். இன்றைய வரையறைப்படி அது ஒரு சிறு காற்றாலையே.

பெங்களூரின் தேசிய வானூர்தியியல் ஆய்வகம், அதன் முதல் இயக்குநர் பி. நீலகண்டன் காலத்தில், நீரிறைக்கும் பல்லிறகுக் காற்றாலையை உருவாக்கியது. 1970களின் தொடக்கத்தில் மார்கஸ் ஷெர்மன் என்ற அமெரிக்க இளைஞர், மதுரைப் பகுதியில் மாட்டுவண்டிச் சக்கரம், மூங்கில், துணிப்பாய் ஆகியவற்றைக் கொண்டு நீரிறைக்கும் காற்றாலை ஒன்றைக் கட்டினார். இம்முயற்சிகள் அனைத்துக்கும் பொதுவான கூறு ஒன்று உண்டு. அவை கிணற்றையும் கடற்கரையையும் மனத்திற்கொண்டவை. நகரத்து மாடியை நோக்கி அவற்றுள் எதுவும் திரும்பவில்லை. கிணறுகளையும் அதே விதி தொடர்ந்தது. தமிழகத்தில் மின்கம்பி வயலை எட்டி, மின்மோட்டார்கள் பெருகியபோது நீரிறைக்கும் காற்றாலையின் தேவை சுருங்கியது.

காற்றாலை மீண்டும் வந்தபோது கம்பிக்கு மாற்றாக வரவில்லை; கம்பிக்கு உணவூட்ட வந்தது. 1980களின் நடுவில் அரசின் மாதிரிக் காற்றாலைப் பண்ணைகள் தூத்துக்குடியின் முள்ளக்காடு, மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி, குஜராத்தின் ஓகா உள்ளிட்ட கடற்கரை இடங்களில் எழுந்தன. பின்னர் ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கயத்தாறு ஆகிய பகுதிகள் காற்றாலைக் காடுகளாயின. மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று அழுந்திப் பாயும் நிலம் அது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியை அப்பகுதி மக்களிடம் எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆயினும் காற்றாலையின் நிழலில் வாழும் குடும்பத்துக்கும் மின்சாரம் வாரியத்தின் கம்பி வழியாகவே வருகிறது. காற்று வீட்டுப் பொருளாக இல்லாமல் வலையமைப்பின் பொருளாயிற்று.

தாராவித் தமிழர்களில் பெரும் பகுதியினர் இந்தத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். மழை பொய்த்த, காற்று மிகுந்த நிலத்தை விட்டு அவர்கள் காற்றே நுழையாத சந்துகளுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்கள் விட்டுவந்த பொட்டலில் பின்னாளில் காற்று விலைபொருளாயிற்று. முதியவரின் கேள்விக்குப் பின்னால் இந்த இடப்பெயர்ச்சியின் நினைவு இருந்தது என்றே கருதுகிறேன்.

3. கம்பி முந்திய நகரம்

மும்பையின் கதை தலைகீழானது. பம்பாய் மின்வழங்கல் மற்றும் டிராம்வே நிறுவனம் 1905இல் தோன்றியது. 1907இல் மின்டிராம் ஓடத் தொடங்கியது. 1915இல் டாட்டாவின் கோபோலி நீர்மின் நிலையம் மலையிலிருந்து நகரத்து ஆலைகளுக்கு மின்சாரம் அனுப்பியது. 1956இல் செம்பூரை ஒட்டிய டிராம்பேயில் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. பிளைத்தும் ஜேக்கப்ஸும் எதிர்கொண்ட தொலைவு என்னும் சூழல் இந்நகரத்தில் பெருமளவு எழவே இல்லை.

இதே நகரம் காற்றை அளப்பதில் பின்தங்கியிருக்கவில்லை. 1826இல் கிழக்கிந்தியக் கம்பெனி நிறுவிய கொலாபா ஆய்வகம் நாட்டின் பழமையான வானிலைப் பதிவிடங்களுள் ஒன்று. 1878இல் சார்லஸ் சேம்பர்ஸ் வெளியிட்ட பம்பாய் மாகாணத்தின் வானிலையியல் நூல் அப்பதிவுகளின் மீது எழுந்தது. மின்டிராம் வரப்போகிறது என்றதும் அவ்வாய்வகத்துக்கு ஒரு சிக்கல் நேர்ந்தது. டிராம் மின்னோட்டம் புவிக்காந்த அளவீடுகளைக் குலைத்துவிடும். எனவே அப்போதைய இயக்குநர் நா. அ. மூஸ் காந்தக் கருவிகளுக்காக அலிபாகில் 1904இல் புதிய ஆய்வகம் அமைத்தார். ஈராண்டுகள் இரு இடங்களிலும் பதிவு செய்து ஒப்பிட்ட பின் காந்த அளவீடு அங்கே நிலைபெயர்ந்தது. காற்றின் அளவீடு கொலாபாவிலேயே தொடர்ந்தது. மும்பையில் மின்கம்பி காந்தமானியை வெளியேற்றியது. காற்றுமானியோடு அதற்கு எந்த உறவும் ஏற்படவில்லை. ஒரே நகரத்தில் காற்று வானிலையியலின் பொருளாகவும், மின்சாரம் வணிகத்தின் பொருளாகவும் தனித்தனியே வளர்ந்தன.

4. மருந்தாக வந்த காற்று

மும்பை வீட்டினுள் காற்று ஒரு பொதுக்கேள்வியாக நுழைந்தது வேறொரு வாயில் வழியாக. 1896இல் பரவிய கொள்ளைநோய்க்குப் பின், 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. நெரிசலும் காற்றோட்டமின்மையும் நோயின் விளைநிலம் என்பது அன்றைய நகர ஆட்சியாளரின் உறுதியான நம்பிக்கை. கடற்காற்றை நகரத்தின் உட்பகுதிக்குக் கொண்டுசெல்வதற்காகவே பிரின்சஸ் தெரு போன்ற அகன்ற சாலைகள் குடியிருப்புகளை இடித்து வெட்டப்பட்டன. அறக்கட்டளையின் தலைவராக இருந்த ஜே. பி. ஓர் அறுபத்துமூன்றரைப் பாகை விதி ஒன்றை வலியுறுத்தினார். எதிர்க்கட்டடத்தின் உச்சி வீட்டின் அடித்தளத்திலிருந்து அக்கோணத்துக்கு மேல் உயரக்கூடாது. எளிமையாகச் சொன்னால், கட்டடத்தின் உயரத்தில் பாதியளவேனும் எதிரே திறந்தவெளி வேண்டும்.

தாதர், மாதுங்கா, சயான் திட்டங்கள் இவ்வறக்கட்டளையின் படைப்புகள். அகன்ற தெருக்கள், தோட்டங்கள், குறைந்த மாடிகள், கட்டடங்களுக்கிடையே விடுவெளி. 1920கள் முதல் மாதுங்காவில் குடியேறிய தமிழ் நடுத்தர வர்க்கத்தினர் இந்தக் காற்றை வாடகையோடு சேர்த்தே பெற்றனர். அங்கே மின்விசிறி வருமுன்னரே சாளரம் வந்துவிட்டது. கம்பியும் உடன் வந்தது.

மாதுங்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள தாராவி இத்திட்டங்களின் வெளியே வளர்ந்தது. நாற்றம் வீசும் தொழில்களைத் தீவு நகரம் தன் வடவிளிம்புக்கு ஒதுக்கியது. தோல் பதனிடும் தமிழர்கள் அங்கே குடியேறினர். நகரம் தன் மூக்குக்கு வேண்டாத காற்றை அவர்களுக்கு அனுப்பியது எனலாம். மகாராஷ்டிரக் குடிசைப்பகுதிச் சட்டம் 1971இல் வந்தது. 1976ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் குடும்பங்களுக்குப் புகைப்பட அட்டை வழங்கப்பட்ட பின்னரே குடிநீர், மின்சாரம் முதலிய வசதிகளைச் சட்டப்படி கோருவதற்கான பிடிமானம் பலருக்குக் கிடைத்தது. அதற்கு முன் மின்சாரம் என்பது இடைத்தரகரின் கம்பி அல்லது மண்ணெண்ணெய் விளக்கு.

இங்கேதான் மும்பையின் முரண் தெளிவாகிறது. முதல் பகுதியின் விதிப்படி, கம்பி வராத வீட்டில் காற்றாலை தோன்றியிருக்க வேண்டும். மும்பையில் கம்பி வராத வீடுகள் இருந்தன. ஆனால் கம்பி வராத அதே இடத்துக்குக் காற்றும் வரவில்லை. மாதுங்கா இரண்டையும் பெற்றது. தாராவி இரண்டையும் இழந்தது. தகரக் கூரையின் மேல் கற்களையும் பழைய டயர்களையும் ஏற்றிவைப்பதே ஆடி மாதக் காற்றோடு தாராவி வீட்டுக்கு இருந்த உறவு. காற்று அங்கே கூரையைப் பறித்துச் செல்லும் பகையாக மட்டுமே வந்தது. அறைக்குள் நுழையும் விருந்தாக வந்ததில்லை.

5. துண்டறிக்கை கூறாத கணக்கு

செம்பூர் மாடிக்குத் திரும்புவோம். காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு மாறுவது. வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். இரண்டு மீட்டர் விட்டமுள்ள சுழலியை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 6 மீட்டர் வேகக் காற்றில், கால் பங்குத் திறனோடு அது ஏறத்தாழ 100 வாட் தரும். நொடிக்கு 3 மீட்டர் காற்றில் அதே கருவி தருவது 13 வாட் அளவே. ஒரு நாள் முழுதும் அவ்வேகம் மாறாது நிலைத்தாலும் ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. காற்றோ அவ்வாறு நிலைப்பதில்லை.

கட்டடங்கள் காற்றின் வேகத்தைக் குறைப்பதோடு அதைச் சுழலாகவும் உடைக்கின்றன. எத்திசைக் காற்றையும் ஏற்கும் என்று விளம்பரம் பெறும் செங்குத்து அச்சுக் காற்றாலைக்கும் இதிலிருந்து விலக்கில்லை. திசையை ஏற்பது வேறு, இல்லாத வேகத்தை உண்டாக்குவது வேறு. இந்திய அரசின் சிறு காற்றாலைத் திட்டம், 20 மீட்டர் உயரத்தில் ஆண்டுச் சராசரியாக மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் வேகம் இருக்கும் இடங்களையே தகுதியுள்ளவை எனக் கருதியது. அது திறந்தவெளிக்கான அளவுகோல்.

2007 முதல் 2009 வரை பிரிட்டனில் நடந்த வார்விக் சோதனை இதைப் பற்றிய தெளிவான சான்று. கட்டடங்களின் மேல் பொருத்தப்பட்ட 26 சிறு காற்றாலைகள் கண்காணிக்கப்பட்டன. நிறுத்திவைக்கப்பட்ட நாட்களையும் சேர்த்துப் பார்த்தபோது, ஒரு காற்றாலையின் சராசரி உற்பத்தி நாளொன்றுக்கு 214 வாட்-மணி, அதாவது ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு. சில இடங்களில் கருவி ஈட்டியதைவிட அதன் மின்னணுச் சாதனங்கள் உண்டது மிகுதி. நல்ல காற்றைப் பெற்றவை உயர்ந்த அடுக்ககங்களின் உச்சியில் இருந்தவையே. ஆனால் அவற்றையும் குடியிருப்போர் ஓசை பற்றி முறையிட்டதால் சோதனைக் காலத்தின் பெரும் பகுதியில் நிறுத்திவைக்க நேர்ந்தது. மேரிகர்க்கின் அண்டைவீட்டார் நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின் மேல்தளத்துக் குடியிருப்பாளராகத் திரும்பி வந்தனர்.

காலக் கணக்கும் உண்டு. மும்பையில் காற்று வலுப்பெறுவது சூன் முதல் ஆகஸ்டு வரை. மின்விசிறியும் குளிரூட்டியும் ஓயாத அக்டோபர்ப் புழுக்கத்தில் காற்று ஓய்ந்துவிடும். மறுபுறம், சூரியத் தகடு சோர்ந்திருக்கும் மழைமாதங்களில் காற்று எழுகிறது என்பதும் உண்மை. இவ்விரண்டையும் இணைக்கும் கலப்பு அமைப்பின் தர்க்கம் பிழையானதன்று. மகாராஷ்டிரம் அத்தகைய சிறு கலப்பு அமைப்புகளை நிறுவுவதில் நீண்ட காலம் முன்வரிசையில் இருந்தது. மலைமுகட்டுப் பள்ளி, தனித்த பண்ணை, கடலோர விடுதி போன்ற இடங்களில், திறந்தவெளியில் உயர்ந்த தூணின் மேல் நிற்கும் சிறு காற்றாலைக்கு இன்றும் நியாயம் உண்டு. விதிமுறைகளும் மாறியுள்ளன. மகாராஷ்டிர மின் ஒழுங்குமுறை ஆணையத்தின் 2015ஆம் ஆண்டு நிகர அளவீட்டு விதிகள் கூரைச் சூரிய மின்சாரத்துக்கு மட்டும் உரியவை. 2019ஆம் ஆண்டு விதிகள் கூரைமேல் அமையும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்று விரிந்தன. சட்டம் வழிவிட்டாலும் எதிரே நிற்கும் கட்டடம் வழிவிடாது.

6. உயரத்தில் நிற்பதன் பொறுப்பு

மொட்டைமாடி ஒரு குடும்பத்தின் தோட்டம் அன்று. பிளைத்தின் காற்றாலை விழுந்திருந்தால் அவருடைய செடிகளின் மேல் விழுந்திருக்கும். எங்கள் மாடியிலிருந்து எது பெயர்ந்தாலும் அது பள்ளிக்குச் செல்லும் குழந்தைகளின் பாதையில் விழும். 2020 ஆகஸ்டிலும், டவ்தே புயல் கடந்த 2021 மேயிலும் கொலாபாவின் காற்றுமானி மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய வீச்சுகளைப் பதிவு செய்தது. 2024 மே 13 அன்று, செம்பூர் சேடா நகருக்கு அருகே காட்கோபரில் புழுதிப்புயலின்போது மாபெரும் விளம்பரப் பலகை பெட்ரோல் நிலையத்தின் மேல் சரிந்து 17 பேர் மாண்டனர். அனுமதிக்கப்பட்ட அளவு 40 அடிக்கு 40 அடி. அப்பலகையோ 120 அடிக்கு 120 அடி. சேடா நகர்க் குன்றின் முருகன் கோயிலுக்குச் செல்லும் தமிழர்கள் அவ்விடத்தை இன்றும் மௌனமாகவே கடக்கின்றனர்.

விளம்பரப் பலகையும் சிறு காற்றாலையும் ஒன்றல்ல. ஆயினும் இரண்டும் காற்றுக்கு எதிராக உயரத்தில் நிறுத்தப்படும் பரப்புகள். அடித்தளத்தின் வலிமையை யார் கணக்கிட்டார், ஆண்டுதோறும் திருகாணிகளை யார் சோதிப்பார், விற்றவர் தொழிலை விட்டகன்றபின் யார் பொறுப்பேற்பார் என்னும் வினாக்கள் இரண்டுக்கும் பொதுவானவை. லா கூர் கருவியோடு பணியாளர்களையும் உருவாக்கியதன் பொருள் இங்கே விளங்கும். எங்கள் துண்டறிக்கையில் பராமரிப்பு பற்றி ஒரே ஒரு வரி இருந்தது: "பராமரிப்பு தேவையில்லை."

7. மேலே பிடிப்பதற்கு முன்

இப்பதிவின் மையக் கருத்துக்கு வருகிறேன். மொட்டைமாடிச் சுழலிக்கும் அறைக்குள் வாழும் நுரையீரலுக்கும் தேவைப்படுவது ஒன்றே: தடையற்ற வெளி. செம்பூரை அடுத்த கோவண்டி, மான்கூர்ட் பகுதிகளில் குடிசைகளிலிருந்து இடம்பெயர்க்கப்பட்ட குடும்பங்களுக்காகக் கட்டப்பட்ட நட்வர் பாரேக் காம்பவுண்டு, லல்லுபாய் காம்பவுண்டு போன்ற குடியிருப்புகள் உள்ளன. அங்கே ஏழெட்டு மாடிக் கட்டடங்களுக்கிடையே விடப்பட்ட இடைவெளி மூன்று மீட்டர் அளவே. ஓரின் பழைய விதிப்படி, 24 மீட்டர் உயரக் கட்டடத்துக்கு எதிரே 12 மீட்டர் வெளி வேண்டும். மருத்துவத் தொண்டு நிறுவனமொன்று மும்பை ஐ.ஐ.டி.யுடன் இணைந்து மேற்கொண்டு 2018இல் வெளிவந்த ஆய்வு, இக்குடியிருப்புகளின் கீழ்த்தளங்களில் ஒளியும் காற்றும் குன்றியிருப்பதற்கும் காசநோய்ப் பரவலுக்கும் இடையிலான தொடர்பைச் சுட்டியது. கொள்ளைநோய்க்குப் பின் நகரம் கற்ற பாடத்தை, அதே நகரம் ஏழைகளுக்கு வீடு கட்டும்போது தளர்த்திக்கொண்டது. கம்பி அவர்களுக்கு இப்போது வந்துவிட்டது. காற்று இன்னும் வரவில்லை. பகலிலும் விளக்கெரித்து, மின்விசிறி சுழற்றி வாழும் அவ்வீடுகளில், இல்லாத காற்றுக்கு மாதந்தோறும் மின்கட்டணம் செலுத்தப்படுகிறது.

ஆகவே "காற்று இலவசம்" என்னும் தொடரை வரலாற்று மாணவர்கள் ஐயத்தோடு அணுக வேண்டும். மும்பையில் காற்றுக்கு விலை உண்டு. அது மனையின் விலையில், மாடியின் எண்ணில், எதிர்ச்சாளரத்தின் தொலைவில் எழுதப்பட்டுள்ளது. தாராவியின் மறுவளர்ச்சி பேசப்படும் இந்நாட்களில், உயரும் கோபுரங்களின் உச்சியில் பசுமையின் அடையாளமாகக் காற்றாலைகளை வரையும் படங்கள் நம் முன் வரக்கூடும். அப்போது உச்சியைப் பார்க்குமுன் முதல் மாடியின் சாளரத்தைப் பார்க்கப் பழக வேண்டும். கட்டடங்களுக்கிடையே போதிய வெளி விட்டால் மின்விசிறிக்கு ஆகும் செலவில் ஒரு பகுதி மிஞ்சும். எந்தச் சுழலியும் இல்லாமல் காற்றிலிருந்து கிடைக்கும் அந்த மிச்சத்தை எந்தத் துண்டறிக்கையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

எங்கள் சங்கம் முன்மொழிவை நிராகரிக்கவில்லை. மாடியில் ஒரு காற்றுமானியைப் பொருத்தி, ஓராண்டு முழுதும் அளந்து பார்த்தபின் முடிவெடுப்பது என்று தீர்மானித்தது. ஓர் ஆய்வு மாணவனுக்கு இதைவிட நிறைவளிக்கும் தீர்மானம் வேறில்லை. அடுத்த நாள் மாலை மாடிக்குச் சென்று, முதியவர் சொன்னபடி மேற்கே எண்ணிப் பார்த்தேன். எங்கள் கட்டடத்தைவிட உயர்ந்தவை ஒன்பது, பத்தாவது எழும்பிக்கொண்டிருக்கிறது. அவரிடம் சொன்னேன். "அப்ப காத்து அந்தப் பத்தாவது வீட்டுக்காரனுக்குத்தான் தம்பி," என்றார்.

வீட்டுக் காற்றாலை பற்றிய ஆவணங்களில் வாட்டும் வேகமும் நிறைந்திருக்கின்றன. அதனோடு வாழ்ந்த குடும்பங்களின் குரல் அரிது. பண்ணையிலோ, மலையிலோ, தீவிலோ, தாங்களோ தங்கள் பெற்றோரோ அத்தகைய கருவியோடு வாழ்ந்திருந்தால், அந்த ஓசை, அந்தப் பேட்டரி, காற்றில்லாத அந்த இரவு ஆகியவற்றைப் பற்றி எழுதியனுப்புமாறு நண்பர்களை வேண்டுகிறேன். வரலாற்றின் இப்பகுதியை அவர்களே எழுத முடியும்.